சுண்ணாம்புக் குழி, எந்தக் கோட்டம்?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம்தானா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வட்டத்தைக் கலைத்து வடகோட்டம், தென்கோட்டம் என்று இரண்டாக்கியது உனக்குத் தெரியும். எந்த ஊர் எந்தக் கோட்டம் என்ற பட்டியல் போன மாதம் அரசிதழில் வந்தது. அதில் சுண்ணாம்புக் குழி இல்லை. வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுண்ணாம்புக் குழி மேற்கு இருக்கிறது. முந்நூறு வீடு இருக்கிற நாங்கள் இல்லை. நாங்கள் இல்லையென்றால் அவர்கள் எதற்கு மேற்கு என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் சிரித்தோம். போன செவ்வாய்க்கிழமை சிரிப்பு நின்றுவிட்டது. வாராவாரம் என் சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி மருந்து குளிர்ப்பெட்டியில் வரும். வரவில்லை. கிடங்குக்குப் போய்க் கேட்டேன். கிடங்குக்காரர் எனக்கு ஆறு வருடப் பழக்கம். அவர் பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டி, "சிஸ்டர், எனக்கு உங்களத் தெரியும். உங்க ஊரத் தெரியும். இந்தத் தாளுக்குத் தெரியலியே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அக்கா, அரசிதழ் உன் அச்சகத்தில்தானே அச்சாகிறது? எங்கே விட்டுப்போனது என்று கொஞ்சம் விசாரித்து எழுது. இங்கே குளிர்ப்பெட்டியில் இப்போது என் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

உன்
சின்னவள்


மார்ச் 13

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் 'அரசு அச்சகம்' என்பதை 'அரசு அச்சம்' என்று எழுதியிருக்கிறாய். நம் தபால்காரர் நல்லவர், சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு எழுத்து விட்டுப்போனால் என்னவெல்லாம் ஆகும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அச்சகம் என்பது வந்ததை அச்சடிக்கிற இடம். எந்த ஊரை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கிற இடம் அல்ல. பட்டியல் எல்லைத் துறையிலிருந்து வருகிறது. ஆகவே நீ முறைப்படி கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள். நகல் ஒன்று வைத்துக்கொள். கோபமாக எழுதாதே. 'கனிவுடன் பரிசீலிக்க' என்று முடி.

நானும் இங்கே விசாரிக்கிறேன். ஆனால் எங்களிடம் நாளொன்றுக்கு நாற்பது பக்கம் வருகிறது. நான்கு மெய்ப்புத் திருத்துநர்கள் இருக்கிறோம். பிப்ரவரி இதழை யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இருக்காது.

நீ எழுதுவதே மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதிலும் ஏதாவது வேலை இருந்தால்தான் அக்கா நினைவு வருகிறது. இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கனிவுடன் பரிசீலித்துவிட்டார்கள். எப்படி என்று கேள்.

எங்கள் ரொட்டிக்கடைக்காரர் தன் வேனில் என்னை வடகோட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பெண்டாட்டி இறந்த பிறகு தன் நான்கு வயது மகளைத் தனியாக வளர்க்கிற மனிதர். எங்கே போனாலும் அவளும் கூடவே போவாள், அன்றும் வேனில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா ஊர் பெயர் கேட்டார். சொன்னேன். விரலை வைத்துத் தேடினார்.

"மேற்கா?"

"இல்ல. வெறும் சுண்ணாம்புக் குழி."

"வெறும்னு ஒண்ணும் இல்லியே."

அதற்குத்தான் மனு என்றேன். வாங்கிப் பார்த்தார். "எந்தக் கோட்டம்னு போடலியே. அது போடாம பதிவு பண்ண முடியாதும்மா."

"எந்தக் கோட்டம்னு கேக்கத்தானே மனுவே?"

"எனக்குப் புரியுது. இந்த ரிஜிஸ்டருக்குப் புரியணுமே."

சரி, தெற்கே போவோம் என்று தென்கோட்டத்துக்கு ஓட்டினோம். அங்கே ஒரு அம்மாள், "தென்கோட்டம்னா ஆத்துக்கு இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கம்" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். அப்படியானால் நாங்கள் வடக்கு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "வடக்குன்னு நான் எப்படி எழுத முடியும், நான் தெற்காச்சே" என்றாள். நாங்கள் எழுந்த பிறகு மனசு கேளாமல் ஒரு யோசனையும் சொன்னாள்: வேறு பெயர் வைத்துப் புது ஊராக விண்ணப்பித்தால் இரண்டு வருடத்தில் கிடைத்துவிடுமாம்.

திரும்பி வரும்போது ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: "வட்டமா இருந்தப்ப சுத்த விட்டாங்க. கோட்டம் ஆனதும் வளைய விடறாங்க." சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்தது.

இன்னொன்று. திரும்பும் வழியில் வடகோட்ட அலுவலக வாசலில் ஒரு வயதான எழுத்தர் எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லைத் துறை அச்சுக்கு அனுப்பிய பட்டியலின் கார்பன் நகல் அவரிடம் இருக்கிறது. அதில் ஊர்கள் நூற்று எண்பத்தேழு. அச்சில் வந்தது நூற்று எண்பத்தாறு. தொண்ணூற்று மூன்றாவதாக நாங்கள் இருக்கிறோம், வடகோட்டம் என்று தெளிவாக. கையெழுத்து இல்லாத கார்பன் செல்லாதாம், அதனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக ஊர் தொலைந்தது உன் அச்சகத்தில்தான், அக்கா. அந்தப் பக்கத்துக்கு யார் புரூஃப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் மட்டும் இந்த முகவரிக்கு ஒழுங்காக வருகிறது. எங்கள் தபால்காரருக்கு அரசிதழ் படிக்கிற பழக்கம் இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 12

சின்னவளுக்கு,

யார் பார்த்தார்கள் என்று கேட்டுச் சொல் என்று ஏதோ கடையில் விலை கேட்கச் சொல்வது போல எழுதியிருக்கிறாய். அச்சானதும் மூலப்படியும் மெய்ப்பும் கட்டாகக் கட்டி அரக்கு முத்திரை போட்டு வைத்துவிடுவார்கள். கண்டவர் கேட்டால் பிரிக்க மாட்டார்கள். இங்கே ஒருவர் தலையில் பழி விழுந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவர்கள். யாரை நான் காட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறாய்?

கார்பன் நகலை நம்பாதே. கார்பனில் என்ன வேண்டுமானாலும் இருக்கும்.

மேற்கில் இருக்கிற நர்ஸிடம் கொஞ்சம் மருந்து கடனாகக் கேட்டுப் பார். ஊருக்கு ஊர் உதவி செய்துகொள்வது புதிதில்லையே. அதற்குள் ஏதாவது வழி பிறக்கும்.

வேலை அதிகம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்கா


மே 6

அக்கா,

மேற்கில் கேட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அங்கே நர்ஸ் சின்னப் பெண், இப்போதுதான் வேலைக்கு வந்தவள், இரண்டே இரண்டு ஊசிக்கான மருந்து கொடுத்தாள். "எண்ணித்தான் தர்றாங்க. கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது" என்றாள். என் பதிவேட்டில் தட்டம்மை ஊசிக்குப் பதினேழு குழந்தைகள் காத்திருந்தார்கள். இரண்டை யாருக்குப் போடுவது? இருப்பதிலேயே சின்னக் கைக்குழந்தைகள் இரண்டு பேருக்குப் போட்டேன். நானே தேர்ந்தெடுத்தேன். எந்தப் புத்தகத்திலும் அதற்கு விதி இல்லை.

ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு ஊசி போட வேண்டிய வயதிலெல்லாம் ஏதாவது ஒரு காய்ச்சல். தள்ளித் தள்ளிப் போய், மார்ச்சில் கட்டாயம் போட்டுவிடுவோம் என்று அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். ஏப்ரல் இருபதாம் தேதி அவள் காதோரம் தடிப்பு தெரிந்தது.

இப்போது ஊரில் ஒன்பது பேருக்குத் தட்டம்மை. எட்டுப் பேர் தேறிவிடுவார்கள். இவளுக்கு இரண்டு காதிலும் சீழ். ஆம்புலன்ஸ் கேட்டால் எந்தக் கோட்டம் என்று கேட்டார்கள். நான் சொன்ன பதிலை எழுதினால் நீ என்னைத் தங்கை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுவாய். கடைசியில் ரொட்டி வேனிலேயே, ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, பாய் விரித்து, என் மடியில் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பதிவுச் சீட்டில் ஊர் பெயர் எழுதும்போது நான் 'மேற்கு' என்று பொய் சொன்னேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நேற்று அந்த வயதான எழுத்தரைத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்ன விதி இது. தவறு எல்லைத் துறையுடையது என்றால் குழு கூடித்தான் திருத்த வேண்டும், குழு அடுத்த வருடம்தான் கூடும். அச்சுப்பிழை என்றால் அச்சகமே ஒரே வாரத்தில் பிழைதிருத்தம் வெளியிடலாம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மெய்ப்பு பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், 'என் பார்வையில் விட்டுப்போனது, கட்டைப் பிரித்துப் பாருங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வரி, அக்கா. உன்னோடு இருபது வருடம் வேலை பார்த்த யாரோ ஒருவர் எழுத வேண்டிய நாலு வரி.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நீ போய் அவர் முன்னால் உட்கார். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

சின்னவள்


மே 15

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அந்த ஆளுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு நாட்களாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்தான்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் சொல். எங்கள் வேலை இரண்டு பேர் சேர்ந்து செய்வது. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், மற்றவர் மெய்ப்பில் பார்த்துக்கொண்டே வருவார். எனக்குப் படிக்கிறவரை எல்லோரும் சத்தக்காரர் என்பார்கள், அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு விடுப்பு. நாலு மணிக்குள் பக்கம் இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்று மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து நின்றார். தனியாகவே பார்த்துவிடலாம் என்று அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். விதிப்படி அது கூடாது.

'சுண்ணாம்புக் குழி' ஒரு வரி. 'சுண்ணாம்புக் குழி மேற்கு' அடுத்த வரி. அச்சுக் கோத்தவர் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது. அது சாதாரணமாக நடக்கிறது, அதைப் பிடிக்கத்தான் நான் இருக்கிறேன். நான் பிடிக்கவில்லை. ஆறு வருடமாக மாதா மாதம் உறையில் என் கையால் எழுதுகிற பெயர்.

இரண்டு வருடமாக என் கண் நடுவில் புகை மாதிரி இருக்கிறது. புரை. இடது கண்ணில் முற்றிவிட்டது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. உனக்கும் சொல்லவில்லை. சொன்னால் நீ வேலையை விடு என்பாய். எழுத்து தெரியாத இடத்தில் பழக்கத்தால் படித்துவிடுவேன். முப்பத்தொரு வருடப் பழக்கம். மேசை விளக்கை மாற்றிக் கேட்டதற்குக்கூட வேறு காரணம் சொன்னேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே என் அலமாரியில் இருந்த மூலப்படி, மெய்ப்பு இரண்டின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவே மார்ச் பதின்மூன்றாம் தேதி நான் எழுதியது பொய். ஏப்ரலில் எழுதியதும் பொய்.

ஜூலை ஒன்பதாம் தேதி அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கண் சரியானதும் முதல் காரியமாக அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இப்போது எழுதினால் ஏன் விட்டுப்போனது என்று கேட்பார்கள், கண்ணைச் சோதிப்பார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. இந்த வேலையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று உன்னிடம் கேட்கிறேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா


மே 24

அக்காவுக்கு,

அந்தக் குழந்தைக்கு வலது காது கேட்கவில்லை. இடது காதில் கொஞ்சம் கேட்கிறது, அது தேறலாம் என்கிறார்கள். வலது தேறாது. மருத்துவமனையில் அவள் அப்பா பின்னால் நின்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

கண்ணில் புரை வந்தது உன் தப்பில்லை. ஒரு வரி விட்டுப்போனதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நானும் ஊசி போடுகிறவள்தான், மனுஷிக்குக் கை தவறும். ஆனால் மார்ச் பதின்மூன்றாம் தேதி உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ நாலு வரி எழுதியிருந்தால் மாதக் கடைசியில் எனக்கு மருந்துப் பெட்டி வந்திருக்கும். ஏப்ரல் இருபதுக்கு எத்தனை நாள் இருந்தது என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள். அந்த நாட்களில் நீ எனக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தாய். உறையில் பிழை திருத்தினாய். காட்டிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று என்னையே திட்டினாய். நான் அதைப் படித்துவிட்டு, அக்காவைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று இரண்டு நாள் வருத்தப்பட்டேன் தெரியுமா?

அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீ. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது நீ. எங்க அக்கா ஒரு புள்ளி தவறினாலும் விடமாட்டாள் என்று இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

வடகோட்டத்து எழுத்தர் நேற்றுக் கேட்டார்: "யாருன்னு தெரிஞ்சுதா சிஸ்டர்? பேரு மட்டும் சொல்லுங்க, நான் மேலிடத்துக்கு எழுதறேன்." இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை நான் எழுத மாட்டேன். அதை நீதான் எழுத வேண்டும். ஜூலைக்கு அப்புறம் இல்லை.

எழுதிக் கொடுத்தால் எனக்குக் கடிதம் போடு. அதுவரை போடாதே.

சின்னவள்


ஜூன் 11

சின்னவளுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாளே. உனக்கு அன்றே எழுதவில்லை, கையில் அச்சான தாள் இல்லாமல் உனக்கு எழுத எனக்கு முகமில்லை.

மேற்பார்வையாளர் என் தாளைப் படித்துவிட்டு, எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, இன்னும் ரெண்டே வருஷம். யாராவது கேட்டாங்களா? எல்லைத் துறையே சும்மா இருக்கான். ஒரு வரிதானே" என்றார். தாளை என் பக்கமே தள்ளினார். நல்ல எண்ணத்தில்தான் தள்ளினார். எனக்கு இப்போதும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் கை அந்தத் தாளின் மேல் போனது. எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும்.

"அந்த ஊர்ல என் தங்கச்சி இருக்கா சார்" என்றேன்.

"அப்ப இது சொந்த விஷயமா?"

"இல்ல. அவ இல்லேன்னாலும் அங்க முந்நூறு வீடு இருக்கு. இத எழுத எனக்கு மூணு மாசம் ஆயிருக்கு. பதிவு பண்ணிக்குங்க."

கட்டைப் பிரித்தார்கள். மூலப்படியில் தொண்ணூற்று மூன்றாவது வரி இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. கண் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதித்த மருத்துவர், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ஓட்டினீர்கள் என்று திட்டினார். இப்போது நான் கட்டுக் கட்டும் பிரிவில் இருக்கிறேன். அரசிதழ்களை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கயிறு போடுகிற வேலை. விசாரணை முடிகிறவரை எழுத்தைத் தொடக்கூடாது. அறுவைக்குப் பிறகும் பழைய நாற்காலி கிடைக்காது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

சத்தக்காரர் வந்தார். "நான் லீவு போட்டதுதானே காரணம், நானும் எழுதிக் குடுக்கிறேன்" என்று ஒரே பிடிவாதம். தொண்டை வலிக்கு யாராவது குற்றவாளி ஆவார்களா என்று கேட்டு அனுப்பினேன். ஆனால் பிழைதிருத்தம் அச்சுக்குப் போகும் முன் அவரை ஒன்று கேட்டேன். எனக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். கட்டுப் பிரிவு வாசலில் நின்று ஐந்து தடவை படித்தார். 'தொண்ணூற்று மூன்று. சுண்ணாம்புக் குழி. வடகோட்டம்.' போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக் காலை அரசிதழோடு வெளியாகிறது. கிடங்குக்காரரிடம் இதைக் காட்டு.

அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு நான் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். நான்கு தடவை கிழித்துவிட்டேன். எழுதலாமா என்று நீ சொல்.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. பனிக்கட்டி, மருந்து, ரசீது எல்லாம் ஒழுங்காக. கிடங்குக்காரர் ஒன்றுமே நடக்காதது போல, "பாத்தீங்களா சிஸ்டர், எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரைச் சொல்லி என்ன? விடுபட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு நாளில் போட்டு முடித்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தென்கோட்டத்து அம்மாளிடமிருந்து ஒரு தபால், புது ஊர் விண்ணப்பத்துக்கு நாங்கள் பெயர் தேர்ந்தெடுத்துவிட்டோமா என்று.

ரொட்டிக்கடைக்காரர் அன்று சாயங்காலம் நிலையத்துக்கு வந்தார். மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு. இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் நடக்கிறார், பேசினால் அவளுக்குக் கேட்க வேண்டுமே. பிழைதிருத்தம் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுக் கேட்டார்: "யாரு விட்டாங்கன்னு தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். மருத்துவமனையில், எழுத்தரிடம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வாய் பழகியிருந்தது.

"எங்க அக்கா" என்றேன். "வேணும்னு பண்ணல. கண்ணு சரியில்ல. ஆனா தெரிஞ்ச பிறகு பயந்துகிட்டு ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா இருந்துட்டா." அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் சொன்னேன். மேற்கிலிருந்து இரண்டு ஊசி வந்தது, அதை உங்கள் மகளுக்குப் போடவில்லை, வேறு இரண்டு பேருக்குப் போட்டேன், யாருக்கு என்று முடிவு செய்தது நான்தான் என்று.

அவர் குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டார். பிறகு, "இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே கேட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவளுடைய காது மருந்துக்கு மேற்கு நிலையத்துக்குப் போகிறார், மலை ஏறி இறங்கி. அந்தச் சின்ன நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்குப் போனால் ரொட்டி கொடுக்கிறார், பேசுவதில்லை.

அவருக்கு நீ எழுதலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் மனசு ஆறுவதற்காக அவர் ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நீயே வந்து அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும், அன்றைக்கு நான் கூட வருகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

ஜூலை ஒன்பதாம் தேதிக்கு நான் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறுவைக்கு முன் யாராவது சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீ கேட்க மாட்டாய் என்பதும் தெரியும். எட்டாம் தேதி மத்தியானப் பேருந்தில் வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்காதே. இப்போது இருக்கிற கண்ணுக்கு வேறு யாரையாவது நான் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொள்வாய்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. வந்த அன்று பேச மாட்டேன், நீயும் சமாதானம் சொல்ல ஆரம்பிக்காதே. சாப்பாடு செய்து வைக்காதே, அடுப்புப் பக்கமே போகாதே. நான் வந்து செய்கிறேன். சொட்டு மருந்து மணிக்கு ஒரு தரம் விட வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் கூப்பிடுவேன்.

சின்னவள்